ஆங்கிலம் பேசிப் பழகக் காரைக்காலுக்குப் போனேன்

இந்தப் பதிவு யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் பிரான்ஸில் வாங்கிய பிரைவேட் பைலட் லைசென்ஸ் இருக்க வேண்டும். அதில் ஆங்கிலம் என்ற சொல் இல்லாமல் இருக்க வேண்டும். விடுமுறைக்குக் காரைக்கால் பக்கம் போகிறவராக இருந்து, அங்கே உட்கார்ந்தபடியே அந்த மொழித் தேர்வை முடித்துவிட முடியுமா என்று யோசிக்க வேண்டும். இப்படி உலகத்தில் என்னைத் தவிர இன்னொருவர் இருப்பாரா என்பது சந்தேகம்தான். ஆனாலும் போன குளிர்காலம் முழுக்க இணையத்தில் தேடித் தேடி ஒரு வரிகூடக் கிடைக்காமல் தவித்தவன் நான். அடுத்து வருகிற ஏதோ ஒரு அந்தோணிக்கு உதவட்டும்.

நான் காரைக்கால்காரன். அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் எனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வந்தது. பதினெட்டு வயதில் கிளம்பிப் போனவன், இப்போது வடக்குப் பிரான்ஸில் ஒரு சின்ன ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறேன். ஊரில் அந்தோணி, அங்கே அந்துவான். என் இருக்கைக்குப் பின்னால் ஓட்டுநரோடு பேச வேண்டாம் என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். மக்கள் அதை ரொம்பவும் மதிக்கிறார்கள். ஏழு வருடத்துக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ள முடியாமல், ஊருக்கு வெளியே இருந்த விமான கிளப்பில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். நான்கு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். பெரும்பாலும் நான் ஒருவன்தான் அதில் உட்காருவேன்.

எங்கள் லைசென்ஸில் எந்த மொழியில் ரேடியோ பேசத் தகுதி என்று ஒரு வரி உண்டு. என்னுடையதில் பிரெஞ்சு மட்டும். பிரான்ஸுக்குள் சுற்ற அது போதும். கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குள் நுழைய ஆங்கிலம் வேண்டும். என் மகள் எலிசா அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். அவளுக்குப் பதினாறு வயது. ஐந்து வயதில் அவள் அம்மாவோடு அங்கே போனாள். அம்மா மறுமணம் செய்துகொண்டார், வீட்டில் எல்லோரும் ஆங்கிலம். பிரெஞ்சில் பத்துவரை எண்ணுவாள், தமிழில் 'பப்பா, சாப்டீங்களா' என்று கேட்பாள், அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். அவளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது, ஒருநாள் என் விமானத்தை உங்கள் ஊர்ப் பக்கத்து மைதானத்தில் இறக்கி உன்னை ஏற்றிக்கொண்டு பறப்பேன் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து எனக்கு அதுதான் வேலை.

கிளப்பில் எனக்கு ஆங்கிலம் வராது என்பதை ஒருவரும் நம்பவில்லை. 'நீ இந்தியன், உனக்கென்ன' என்றார்கள். இந்தியாவிலேயே நான் பிறந்த ஊர் வேறு மாதிரி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டது, அங்கே எங்கள் வீட்டில் ஆங்கிலம் பக்கத்து வீட்டுக்காரன் மொழி என்று விளக்கினால் சிரிப்பார்கள். அவர்கள் கொடுத்த தைரியத்தில் போன அக்டோபரில் தேர்வு எழுதி மூன்றாம் நிலையில் நின்றேன். நான்காம் நிலை இருந்தால்தான் லைசென்ஸில் ஏறும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிந்துகொள்வது, பதில் சொல்லி உரையாடுவது என்று ஆறு தலைப்பில் மதிப்பெண் போடுகிறார்கள். ஆறில் எது குறைவோ அதுதான் உங்கள் நிலை, சராசரி எல்லாம் கிடையாது. எனக்குச் சரளத்திலும் உரையாடலிலும் மூன்று. கீழே, போதிய அளவு பேசவில்லை என்று ஒரு குறிப்பு.

பேச ஆள் வேண்டும். பிரான்ஸில் யார் என்னோடு ஆங்கிலம் பேசப் போகிறார்கள்? பிரெஞ்சே பேச மாட்டேன் என்கிறார்கள். பிப்ரவரியில் மூன்று வாரம் விடுமுறை இருந்தது. காரைக்காலில் இப்போது திரும்பிய பக்கமெல்லாம் ஆங்கிலப் பள்ளிக்கூடம், வளைகுடா போய் வந்தவர்கள் வேறு வீட்டுக்கு ஒருவர், அங்கே போய் வாய் ஓயப் பேசிவிட்டு அங்கிருந்தே வீடியோவில் தேர்வையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆங்கிலம் பழகுவதற்காகக் காரைக்காலுக்கு விமானம் ஏறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சென்னையில் இறங்கி, கிளாம்பாக்கத்தில் காலை ஏழு மணிக்குப் பேருந்து பிடித்தேன். ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக ஏழரை மணி நேரம் ஆனது. ஜன்னலோரம் வேண்டுமென்றால் இடது பக்கம் உட்காருங்கள், சில இடங்களில் கடல் தெரியும், வெயிலும் மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் வராது. தரங்கம்பாடி தாண்டி நண்டலாற்றுப் பாலம் ஏறி இறங்கினால் பூவம், அங்கிருந்து நம் எல்லை. எல்லையைத் தனியாக யாரும் அறிவிக்க வேண்டியதில்லை, மதுக்கடைப் பலகைகளே சொல்லிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பலகையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அப்பா வீடு இப்போது எங்களிடம் இல்லை. சொந்த ஊரில் லாட்ஜில் தங்கினேன். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய், மின்விசிறி அறை. வரவேற்பு மேசையில் இருந்தவர், "திருநள்ளாறு தரிசனமா சார்?" என்றார்.

"இல்லீங்க, நான் இந்த ஊருதான்."

"அப்பறம் எதுக்கு சார் ரூமு?" என்று கேட்டபடியே சாவியைக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை, சொந்த ஊரில் யார் அறை எடுப்பார்கள்? இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: வெள்ளி, சனி இரண்டு நாளும் சனீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களால் லாட்ஜுகள் நிரம்பிவிடும், வாடகையும் ஏறிவிடும். வாரத்தின் நடுவில் வந்து, மொத்தமாகப் பேசி அறையைப் பிடித்துவிடுவது நல்லது.

முதல் ஐந்து நாளில் நான் பேசிய ஆங்கிலத்தை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். ஆட்டோக்காரரிடம் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நம்மளுக்குள்ள எதுக்கு சார் இங்கிலீஷு? சும்மா தமிழ்லயே சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார். மாதா கோயில் வீதியில் ஒரு கைப்பேசிக் கடையில் இருந்த பெண் நன்றாகவே ஆங்கிலம் பேசக்கூடியவர். விஷயத்தைச் சொல்லி, பத்து நிமிடம் பேசுங்களேன் என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "எனக்கு பிரெஞ்சு சொல்லிக்குடுங்க சார், அங்க வரணும்" என்றார். தமிழனிடம் தமிழன் ஆங்கிலம் பேசினால் பீற்றல். இது நம் ஊர்ச் சட்டம், எழுதி வைக்கத் தேவையில்லை. இதை மறந்துவிட்டுப் பயணச்சீட்டு எடுத்தது என் தப்பு. சாயங்காலம் அரசலாற்றங்கரையில் நடந்து கடற்கரைவரை போய், கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, யாரோடும் பேசாமல் அறைக்குத் திரும்புவேன். பிரான்ஸில் தனியாக இருப்பது பழகிவிட்டது. பிறந்த ஊரில் தனியாக இருப்பது அப்படி இல்லை, ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஆறாம் நாள் நிஜாம் கண்ணில் பட்டான். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் இழுவைப் படகில் ரேடியோ வேலை பார்த்தவன், பத்தொன்பது வருடம் கழித்து வந்து பள்ளிவாசல் தெருவில் பயணச்சீட்டுப் பதிவு அலுவலகம் வைத்திருக்கிறான். என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டான்.

"என்னடா, லாட்ஜுலயா தங்கியிருக்கே? வீட்டுக்கு வர்றதுக்கு என்னடா கொள்ள?"

"மூணு வாரம்டா. எப்புடி?"

"மூணு வாரம்னா மூணு வாரம். சரி, அத விடு. என்னமோ இங்கிலீஷு பேச ஆளு தேடிக்கிட்டுத் திரியிறியாமே, ஆட்டோக்காரன் சொன்னான்."

விஷயத்தைச் சொன்னேன். தொடையைத் தட்டினான். "ரேடியோ இங்கிலீஷா? அதத் தின்னுட்டுத்தானடா இத்தன வருசம் இருந்தேன்!" என்றான். அன்றிலிருந்து கடையில் கூட்டம் இல்லாத நேரம் அவன் மாடி அறையில் இருந்து கைப்பேசியில் பேசுவான், நான் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவேன். அவன் கட்டுப்பாட்டுக் கோபுரம், நான் விமானம். முதல் நாளே எடுத்த எடுப்பில், எத்தனை பேர் இருக்கிறீர்கள், நங்கூரம் போட்டாயிற்றா என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"பிளேனுக்கு ஏதுடா நங்கூரம்?"

"அடக் கிறுக்கா, கேட்டா பதில் சொல்லு. இல்லன்னு இங்கிலீஷுல சொல்லு!"

நிஜாமிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. ஒவ்வொரு பேச்சு முடிவிலும் 'ஓவர்' சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அடுத்த கேள்வி வராது. பேசி முடித்துப் பிரியும்போது 'குட் வாட்ச்' என்று வாழ்த்த வேண்டும், கப்பல்காரர்கள் வழக்கமாம். பத்து நாளில் எனக்கு அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. ஹோட்டலில் இன்னொரு தோசை கேட்டுவிட்டு ஓவர் என்றேன். பரிமாறியவர், "தோச ஓவரா சார்? அப்ப பில்லு போடவா?" என்று கேட்டார்.

பழக்கம் நன்றாகத்தான் போனது. ஆனால் குறை எங்கே இருக்கிறது என்பது எனக்கே தெரிந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வேன், அதற்கு மேல் ஒரு சொல் வராது. விமானத்தில் அது நல்ல பழக்கம். அலைவரிசை பொது, வேண்டியதைச் சொல்லிவிட்டு விலக வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேர்விலோ கடைசிப் பகுதி முழுக்கச் சாதாரணப் பேச்சு. அங்கேதான் போனமுறை விழுந்தேன்.

ஒருநாள் காலை நிஜாமின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன், நகரத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள்தான். வலை பின்னுகிற கூடத்தில் செல்வி என்ற பெண் உட்கார்ந்திருந்தார், மடியில் வாக்கி டாக்கி. ஃபைபர் படகில் கடலுக்குப் போயிருக்கும் கணவரோடு பேசிக்கொண்டிருந்தார். ரேடியோ என்றதும் நம் காது அந்தப் பக்கம் திரும்பிவிடுமே, நானும் நின்றேன்.

"ஒங்க அம்மா மாத்திரையே போட மாட்டேங்குது. நீங்க வந்து கேளுங்க. கேஸு சிலிண்டரு வந்துருச்சி. மேலத்தெருவுல சீமந்தம், நாளைக்கிப் போவணும், அந்தச் சட்டைய எங்க வச்சீங்க?"

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே, "காலா மீனு ரெண்டு பட்டுருக்கு, பெருசு. சட்ட பீரோ மேல கெடக்கும் பாரு" என்று ஒரு குரல். அதற்குள் மூன்றாவது குரல் ஒன்று புகுந்தது: "மச்சான், தங்கச்சிய சித்த நேரம் வைக்கச் சொல்லு, நானும் எங்க வூட்டுல பேசணும்!"

என்னால் தாங்க முடியவில்லை. "ஏம்மா, இப்புடி லைன்ல பேசிக்கிட்டே இருந்தா, யாருக்காச்சும் அவசரம்னா எப்புடி?" என்றேன்.

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவசரம்னா எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான அண்ணே இருக்காங்க? வளவளன்னு பேசிக்கிட்டு இருக்குற வரைக்கும் ஒண்ணுமில்லன்னு அர்த்தம். கம்முன்னு ஆனாத்தான் வயித்தக் கலக்கும்."

எங்கள் பயிற்சியாளர் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார். நான் வாதாடப் பார்த்தேன், செல்வி மாத்திரை விஷயத்துக்குத் திரும்பிவிட்டார். ஸ்கூட்டரில் திரும்பும்போது என் மனத்தில் இருந்தது பொறாமை மட்டும்தான். சட்டை எங்கே என்று கடலுக்கு நடுவில் இருக்கிறவரைக் கேட்க ஒரு ஆள். எலிசாவிடம் நான் பேசினால் அது இரண்டு நிமிடம். பள்ளிக்கூடம் எப்படி, சாப்பாடு ஆயிற்றா, சரி, வைக்கிறேன். என்னிடம் இருந்த ஆங்கிலத்துக்கு அவ்வளவுதான் எட்டியது. பறப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், அந்தச் சொற்கள் தெரியும் என்பதால். தேறாவிட்டால் அதுவும் போய்விடும் என்று பயமாக இருந்தது.

தேர்வு வெள்ளிக்கிழமை, நம் நேரம் மதியம் ஒன்றரை மணி, பிரான்ஸில் காலை ஒன்பது. குளிர்காலத்தில் நான்கரை மணி நேர வித்தியாசம், மார்ச் கடைசியில் அது மூன்றரை ஆகிவிடும், பதிவு செய்யும்போது கவனியுங்கள். லாட்ஜில் அன்று கூட்டம் நிரம்பியிருக்கும் என்பதால் நிஜாம் தன் மாடி அறையைக் கொடுத்தான். இன்வெர்ட்டர் உண்டு, ஜும்மா நேரத்தில் தெருவும் அடங்கியிருக்கும். "நான் துவா செய்றேன்டா, பதறாத. ஓவர் சொல்ல மறந்துடாத" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுத் தொழுகைக்குப் போனான்.

தேர்வாளர் ஒரு பெண்மணி, நடுத்தர வயது, கனிவான முகம். பாஸ்போர்ட்டையும் லைசென்ஸையும் காட்டச் சொன்னார். பிறகு கணினியைத் தூக்கி நான்கு சுவரையும், மேசைக்கு அடியையும், கதவுக்குப் பின்னாலும் காட்டச் சொன்னார். வேறு யாரும் உதவிக்கு இருக்கக் கூடாது என்பது விதி. உங்களோடு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, ஒருவரும் இல்லை என்றேன். அன்றைக்கு நான் சொன்னதிலேயே தடங்கல் இல்லாமல் வந்த வாக்கியம் அதுதான்.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பதில் சொல்லும் பகுதி நன்றாகப் போனது. அடுத்தது நடிப்பு: நான் விமானி, அவர் கோபுரம், இன்ஜின் உதறுகிறது. நிலைமையைச் சொல்லி முடித்து ஓவர் என்றேன். அடுத்ததற்கும் ஓவர். மூன்றாவது ஓவரில் அவர் புன்னகைத்து, உங்கள் முகம் எனக்குத் தெரிகிறது, முடிந்ததும் எனக்கே தெரியும், அதைச் சொல்லத் தேவையில்லை என்றார். அத்தோடு என் தைரியம் போய்விட்டது. கடைசிப் பகுதியில், ஆங்கிலத்தில் தேர்ச்சி எதற்கு என்று கேட்டார். இங்கிலாந்து போக என்றேன். எதற்கு? மகள் இருக்கிறாள். அவளைப் பற்றிச் சொல்லுங்கள். பதினாறு வயது என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, நீங்கள் பேசாததற்கு என்னால் மதிப்பெண் போட முடியாது. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பேசுங்கள்" என்றார்.

பேசினேன். என்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. காலமும் இடமும் தாறுமாறாக, இறந்தகாலத்துக்கு நிகழ்காலம், அவளுக்கு அவன். ஐந்து வயதில் அவள் போன நாளில் ரயில் நிலையத்தில் என் சட்டைப் பையில் அவளுடைய ஒற்றைக் கையுறை தங்கிவிட்டது என்று சொன்னேன். கையுறைக்கு ஆங்கிலச் சொல் வரவில்லை, கைக்குப் போடுகிற சாக்ஸ் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நடுவில் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன், நானும் அவரைக் கேட்டேன், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று. நேரம் முடிந்துவிட்டது என்று அவர்தான் நிறுத்தினார். பழக்கதோஷத்தில் குட் வாட்ச் என்று சொல்லி வைத்தேன். கதவைத் திறந்தால் நிஜாம் தொப்பியோடு படிக்கட்டில் உட்கார்ந்து, மேலே வந்த ஒரு வாடிக்கையாளரை வாயில் விரல் வைத்துத் தடுத்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. ஐந்து தலைப்பில் நான்கு, புரிந்துகொள்வதில் மட்டும் ஐந்து. ஆக நான்காம் நிலை, தேறிவிட்டேன். நிஜாம் அல்வா வாங்கிவந்து என் வாயில் திணித்து, "இனி நீ கேப்டன்டா!" என்று தெருவே கேட்கும்படி கத்தினான்.

அன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போய் எலிசாவைக் கூப்பிட்டேன். அங்கே மதிய உணவு இடைவேளை. ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தேன், தேறிவிட்டேன், கோடையில் வந்து இறங்குவேன் என்று. அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"பப்பா, ரொம்ப சந்தோஷம். நிஜமாகவே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் சின்ன விமானம் என்றாலே பயம். எப்போதுமே பயம்தான். அன்றைக்கு நீங்கள் அவ்வளவு ஆசையாகக் கேட்டீர்கள், அதனால் சரி என்றேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் நானே விமானத்தைப் பற்றிக் கேட்பேன். அதைப் பற்றிக் கேட்டால்தான் நீங்கள் பேசுவீர்கள்."

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு, ஒன்றை ஒருமுறை வேகமாகச் சொல்லிவிட்டு, எனக்காக மறுபடி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வாள். அதேபோல மறுபடி ஆரம்பித்தாள். வேண்டாம் எலிசா, எல்லாம் புரிந்தது என்றேன். கோபம் வரவில்லை. ஐந்து வருடமாக ஒரு குழந்தை எனக்காகப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியென்றால் ரயிலிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். இருட்டும்வரை மணலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் சுண்டல் தின்றுகொண்டிருந்தது. அவர்கள் குழந்தை ஒரு கை சுண்டலை என்னிடம் நீட்டியது, வாங்கிக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். தேர்வுக் கட்டணம் நூறு யூரோவுக்குச் சற்று மேல், வராவிட்டால் திரும்பக் கிடைக்காது. மின்வாரியப் பராமரிப்பு நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அன்று காலை முதல் சாயங்காலம்வரை மின்சாரம் இருக்காது. கைப்பேசி இணையத்தை மட்டும் நம்பாமல் கம்பி இணைப்பு உள்ள இடமாகப் பாருங்கள். சான்றிதழ் வந்ததும் லைசென்ஸ் அலுவலகத்துக்கு அனுப்பினால், ஆங்கிலம் சேர்த்துப் புதிதாக அச்சடித்து அனுப்புவார்கள், எனக்கு ஐந்து வாரம் ஆனது. நான்காம் நிலை நான்கு வருடம் செல்லும், அதற்குப் பிறகு மறுபடி எழுத வேண்டும். ஆங்கிலம் பழக ஊருக்குப் போகாதீர்கள். போனால் நிஜாம் மாதிரி ஒருவனைத் தேடிப் பிடியுங்கள், அவனுடைய ஓவரை மட்டும் விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வில் பேசுங்கள். ஒரு வரியில் முடித்துவிட்டு நிமிர்ந்து உட்காராதீர்கள்.

புதிய லைசென்ஸ் வந்த வாரம் சனிக்கிழமை ரயிலில் எலிசாவைப் பார்க்கப் போனேன். வழக்கமாக உட்காரும் கடையில் உட்கார்ந்தோம். விமானத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் இருவருக்குமே கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். தோழிகள், பள்ளி நாடகம், அம்மாவோடு சண்டை, மருத்துவம் படிக்கலாமா என்ற யோசனை. ஏன் மருத்துவம் என்று கேட்டேன். ஒன்பது வயதில் குடல்வால் அறுவை நடந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ரொம்ப அன்பாக இருந்தார் என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அறுவையா? எனக்குத் தெரியாதே. யாரும் சொல்லவில்லையே" என்றேன்.

"சொன்னேனே பப்பா" என்றாள். "அம்மா போனை என்னிடம் கொடுத்து, நீயே சொல்லு என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைத் திறந்தது, வலித்தது, பயமாக இருந்தது எல்லாம். நீங்கள் குட், குட், வெரி குட் என்றீர்கள்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு ஒரு சொல்கூட விட்டுப்போகாமல் புரிந்தது.